நேரம் தவறிய பொட்டலம்

ஷவர்மாவைக் குற்றம் சொல்கிறோம். மயோனைஸுக்குத் தடை போடுகிறோம். சால்மோனெல்லா என்ற கிருமிக்கு வேண்டியதோ மிதமான வெப்பமும் கேட்பாரற்ற சில மணி நேரமும்தான். திருவனந்தபுரத்தின் அனுபவம் இது.

2012-ம் ஆண்டு ஜூலை மாதம். திருவனந்தபுரம் வழுதக்காட்டில் உள்ள ஓர் உணவகத்தில் 21 வயது இளைஞர் ஒருவர் ஷவர்மா பொட்டலம் வாங்கிக்கொண்டு பெங்களூருக்கு பஸ் ஏறினார். சாப்பாட்டை வழியில் வைத்துக்கொள்ளலாம் என்பது இரவுப் பயணிகள் எல்லோரும் போடும் கணக்கு. பெங்களூர் போய்ச் சேர்ந்தவர் அங்கேயே இறந்துபோனார். அதே நாட்களில் அதே உணவகத்தின் பண்டத்தைச் சாப்பிட்ட பத்துக்கும் மேற்பட்டவர்கள் வாந்தி, வயிற்றுப்போக்கு, காய்ச்சல் என்று நகரத்தின் மருத்துவமனைகளில் சேர்ந்தார்கள்.

அதற்குப் பிறகு நடந்தவை கேரள மக்களுக்கு மனப்பாடம். உணவகத்துக்குப் பூட்டு. மாநிலமெங்கும் திடீர் சோதனை. டி.வி. கேமராக்களின் முன்னால் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து பழைய இறைச்சி வெளியே வந்தது. மூக்கைப் பொத்திக்கொண்ட அதிகாரிகள் அதன்மேல் பினாயிலை ஊற்றினார்கள். 2006-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்ததே 2011 ஆகஸ்டில்தான். அது பிறந்து ஓராண்டு முடிவதற்குள் வந்த முதல் பெரிய சோதனை இது. சில வாரங்களில் பரபரப்பு அடங்கியது. ஷவர்மா கம்பிகள் மறுபடி சுழலத் தொடங்கின.

அந்த பினாயில் காட்சியில் ஒரு கோளாறு இருக்கிறது. கெட்டுப்போன இறைச்சி நாறும், நிறம் மாறும், அதை நாயும் முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடும். சால்மோனெல்லா ஏறிய இறைச்சி நாற வேண்டும் என்பதில்லை. பார்வைக்குப் பளபளப்பாக, வாய்க்கு ருசியாக இருக்கும் உணவிலேயே அது கோடிக்கணக்கில் இருக்க முடியும். மூக்கை நம்பி நடத்தும் சோதனையில் அது சிக்காது.

கோளாறின் வேர் நாம் பயன்படுத்தும் சொல்லிலேயே இருக்கிறதோ என்று இந்தக் கட்டுரையாளருக்கு ஒரு சந்தேகம். மொழிபெயர்ப்பு வேலையில் இருப்பவனுக்கு வரும் சந்தேகம்தான். மலையாளப் பத்திரிகைகள் இதை 'பக்ஷ்ய விஷபாத' என்கின்றன. ஆங்கிலத்தில் ஃபுட் பாய்சனிங். தமிழில் 'உணவு விஷமானது' என்று எழுதுகிறோம். மூன்றிலும் விஷம் உண்டு. விஷம் என்றதும் அதைக் கலந்த ஒரு பாவியைத் தேடத் தோன்றும். விஷம் போட்ட அளவுதான் இருக்கும். உட்கார்ந்த இடத்தில் பெருகாது. சால்மோனெல்லா உயிருள்ள ஜீவன். தின்னும், பிளக்கும், பெருகும். அதற்குத் தேவை அவகாசம்.

மீனுக்குச் சம்பந்தமில்லை

பெயரைப் பார்த்து சால்மன் மீனோடு முடிச்சுப் போடுகிறவர்கள் உண்டு. டேனியல் எல்மர் சால்மன் என்பவர் அமெரிக்கக் கால்நடை மருத்துவர். 1885-ல் பன்றிக் காய்ச்சலுக்குக் காரணம் தேடியபோது இந்த பாக்டீரியாவைக் கண்டுபிடித்தவர் உண்மையில் அவருடைய உதவியாளர் தியோபால்ட் ஸ்மித். பெயர் மட்டும் மேலதிகாரிக்குப் போய்ச் சேர்ந்தது. அலுவலகங்களில் இது புதிய கதை அல்ல.

இந்தக் குடும்பத்தில் 2,500-க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. அவற்றில் ஒன்று நமக்கு நன்றாகவே தெரிந்தது: டைபாய்டு. சால்மோனெல்லா டைஃபி என்ற அந்த வகை மனித உடலில் மட்டுமே குடியிருக்கும்; மனிதக் கழிவு கலந்த தண்ணீர், உணவு வழியே பரவும்; ரத்தத்தில் புகுந்து வாரக்கணக்கில் காய்ச்சலைத் தரும். (விடால் என்ற ஒரே ரத்தப் பரிசோதனையை வைத்து 'டைபாய்டு' என்று சீட்டு எழுதிக் கொடுக்கும் வழக்கம் நம் ஊர்களில் இன்னும் போகவில்லை. அந்தச் சோதனை 1896-ம் ஆண்டுக் கண்டுபிடிப்பு. பழைய தொற்றையோ தடுப்பூசியையோ பார்த்துக்கூட அது ஆம் என்று சொல்லிவிடும். உறுதி செய்ய ரத்தத்தில் கிருமியை வளர்த்துப் பார்க்க வேண்டும்.)

உணவகங்களில் தொல்லை தருபவை டைபாய்டின் பங்காளிகள்: என்டெரிடிடிஸ், டைஃபிமூரியம் போன்றவை. இவை கோழி, வாத்து, ஆடு, மாடு, பன்றி ஆகியவற்றின் குடலில் பெரும்பாலும் அவற்றுக்கே நோய் தராமல் வாழ்கின்றன. அறுக்கும்போது குடலிலிருந்து இறைச்சிக்கு ஒட்டும். இறைச்சியிலிருந்து கத்திக்கு, கத்தியிலிருந்து பலகைக்கு, பலகையிலிருந்து அடுத்து நறுக்கும் வெள்ளரிக்காய்க்கு. கோழி அடுப்பில் வெந்து கிருமி செத்துவிடும். வெள்ளரிக்காய் வேகப் போவதில்லை. கோழியால் வந்த நோய்க்குப் பல சமயம் வாகனம் காய்கறி.

என்டெரிடிடிஸுக்கு இன்னொரு சாமர்த்தியம் உண்டு. கோழியின் சினைப்பையிலேயே தங்கி, ஓடு உருவாகும் முன்பே முட்டைக்குள் புகுந்துவிடும். ஓட்டை எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் பயனில்லை. பிரிட்டனில் 1988 டிசம்பரில் எட்வினா கர்ரி என்ற சுகாதார இணை அமைச்சர், நாட்டின் முட்டை உற்பத்தியில் பெரும்பகுதி சால்மோனெல்லாவால் பாதிக்கப்பட்டிருக்கிறது என்று சொல்லப்போக, முட்டை விற்பனை சரிந்தது, பண்ணையாளர்கள் கொதித்தார்கள், இரண்டே வாரத்தில் அவர் பதவி விலகினார். 'பெரும்பகுதி' என்றது மிகைதான். ஆனால் பிரச்சினை இருந்தது. 1998 முதல் அங்கே கோழிகளுக்குத் தடுப்பூசி போட்டு, முட்டையில் சிங்க முத்திரை குத்தினார்கள். நோய் மளமளவென்று குறைந்தது. 2017-ல், முத்திரை குத்திய முட்டையை அரைவேக்காட்டில் கர்ப்பிணிகளும் சாப்பிடலாம் என்று அரசு நிறுவனமே சொல்லும் நிலை வந்தது. நாமக்கல்லிலிருந்து பாலக்காடு கணவாய் தாண்டிக் கேரளம் போகும் முட்டை லாரிகளில் அப்படி ஒரு சிங்கத்தைத் தேட வேண்டாம்.

பெருக்கல் கணக்கு

சால்மோனெல்லாவுக்கு மிகவும் பிடித்தது நம் உடல் வெப்பம்: 37 டிகிரி செல்சியஸ். ஏறக்குறைய 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட பகுதியை உணவு நிபுணர்கள் ஆபத்து எல்லை என்கிறார்கள். உணவின் நடுப்பகுதி வரை 75 டிகிரி சூடு ஏறினால் கிருமி பிழைக்காது. குளிர்சாதனப் பெட்டியில் சாகாது, பெருகாமல் தூங்கும். திருவனந்தபுரத்தின் மாலை நேர வெப்பம் ஆண்டு முழுவதும் இந்த எல்லைக்குள்தான்.

வசதியான சூழலில் ஒரு பாக்டீரியா சுமார் 20 நிமிடத்தில் இரண்டாகப் பிளக்கும். ஒரு மணி நேரத்தில் ஒன்று எட்டாகும். அதனால் என்ன என்று தோன்றும். ஆறு மணி நேரத்தில் 2,62,144. எட்டு மணி நேரத்தில் ஒரு கோடியே 67 லட்சம். ஆரோக்கியமான ஒருவரை வீழ்த்தப் பொதுவாக ஆயிரக்கணக்கில், லட்சக்கணக்கில் சால்மோனெல்லா உள்ளே போக வேண்டும். இரைப்பை அமிலம் பெரும் பகுதியைக் கொன்றுவிடுகிறது. கொழுப்பு மிகுந்த உணவில் ஒளிந்து போனால் அமிலத்துக்குத் தப்பும்; அப்போது குறைந்த எண்ணிக்கையே போதும். 'கேஸ் ட்ரபிள்' என்று தினமும் வெறும் வயிற்றில் அமிலத்தை அடக்கும் மாத்திரை போடுகிறவர்கள் தங்கள் வாசல் காவலாளிக்கு விடுப்புக் கொடுத்தவர்கள்.

இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு ஷவர்மா கடைமுன் மாலை ஆறு மணிக்கு நின்று பார்க்கலாம். செங்குத்துக் கம்பியில் பச்சைக் கோழித் துண்டுகளை அடுக்கடுக்காகக் குத்திக் கூம்பாக்கியிருக்கிறார்கள். பக்கவாட்டில் நெருப்பு. வேகிற வெளிப்பகுதியை மட்டும் சீவி எடுத்து ரொட்டியில் சுருட்டித் தர வேண்டும். உள்ளே இருப்பது வெளியே வந்ததும் அதுவும் வேகும். நிதானமாகச் செய்தால் நல்ல முறைதான். கூட்டம் அலைமோதும்போது நிதானம் போய்விடுகிறது. கத்தி வேகாத அடுக்குவரை இறங்கும். கூட்டம் குறைந்தால் எரிவாயுவை மிச்சப்படுத்த அடுப்பைத் தணிப்பார்கள். கூம்பின் நடுப்பகுதி மணிக்கணக்கில் வேகவும் இல்லாமல் குளிரவும் இல்லாமல் கிடக்கும். பாக்டீரியா கேட்கும் படுக்கை அறை இதுதான்.

பக்கத்தில் மயோனைஸ். பச்சை முட்டை, எண்ணெய், கொஞ்சம் பூண்டு சேர்த்து அடிப்பது. நிறைய வினிகரோ எலுமிச்சைச் சாறோ சேர்ந்தால் புளிப்பு கிருமியை அடக்கும். நம் நாக்குக்குப் புளிப்பில்லாத, வெண்ணெய் போன்ற மயோனைஸ்தான் பிடித்திருக்கிறது. அடுப்பையே பார்க்காத முட்டை, புளிப்பும் இல்லாமல், ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் சாயங்காலம் முழுவதும் மேசைமேல் உட்கார்ந்திருக்கும்.

நம் பாட்டிமாருக்கு பாக்டீரியா தெரியாது, நேரம் தெரியும். தேங்காய்ச் சட்னி மத்தியானம் தாண்டாது என்பார்கள். ரயில் பயணத்துக்கு புளியோதரை, மிளகாய்ப்பொடி தடவிய இட்லி, தயிர் சாதமென்றால் பாலூற்றிப் பிசைந்தது. புளிப்பும் ஈரக்குறைவும் கிருமிக்கு ஆகாதவை. கட்டுச்சோற்றுக்கு என்று ஒரு சாஸ்திரமே இருந்தது. வளைகுடா நாடுகளிலிருந்து திரும்பியவர்களோடு ஷவர்மாவும் அல்ஃபாமும் குழிமந்தியும் கேரளத்துக்கு வந்தன. ருசி வந்து சேர்ந்தது. எத்தனை மணி நேரம் தாங்கும் என்ற கணக்கு கூடவே வரவில்லை. அரபு உணவின்மேல் பழியைப் போடுவது எளிது, சிலருக்கு இனிப்பாகவும் இருக்கிறது. ஆனால் அதில் அர்த்தமில்லை. பெரிய அண்டாவில் வைத்த கல்யாண பிரியாணியும் இரவு முழுக்க வெளியே கிடந்தால் ஆபத்தானதுதான்.

பத்தாண்டு கழித்து அதே பாடம்

2022 மே 1 அன்று காசர்கோடு மாவட்டம் செறுவத்தூரில் 16 வயதுப் பள்ளி மாணவி இறந்தார். அங்குள்ள ஒரு கடையில் ஷவர்மா சாப்பிட்ட ஐம்பதுக்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள். நோயாளிகளிடம் ஷிகெல்லா என்ற கிருமி உறுதியானது. கடையில் எடுத்த கோழி ஷவர்மா மாதிரியில் சால்மோனெல்லாவும் ஷிகெல்லாவும் இருந்தன. மிளகுத்தூளில்கூட சால்மோனெல்லா. காய்ந்த பொருளில் கிருமி இருக்காது என்ற நம்பிக்கைக்கு மிளகு விளையும் நாட்டிலேயே கிடைத்த பதில் அது. உலர்ந்த பொடியில் சால்மோனெல்லா பெருகாது, ஆனால் மாதக்கணக்கில் உயிரோடு காத்திருக்கும். வெந்த பண்டத்தின்மேல் தூவினால் விழித்துக்கொள்ளும்.

ஷிகெல்லா இன்னும் பொல்லாதது. அது பெருகக் காத்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. 10 முதல் 100 கிருமிகளே போதும். கழிப்பறைக்குப் போய்வந்து சோப்பால் கழுவாத ஒரே ஒரு கை வேலையை முடித்துவிடும். கோழியைக் குற்றம் சொல்ல வழியில்லை. ஷிகெல்லா மனிதக் குடலுக்கே உரியது.

கேரள அரசு 'நல்ல உணவு நாட்டின் உரிமை' என்று பொருள்படும் இயக்கத்தைத் தொடங்கியது. அடுத்த மாதமே திருவனந்தபுரத்தில் ஒரு வேடிக்கை. பள்ளி மதிய உணவால் குழந்தைகள் நோயுற்ற செய்திகள் வந்திருந்த நேரம். பெற்றோருக்கு நம்பிக்கையூட்ட அமைச்சர்கள் பள்ளிகளுக்குப் போய்க் குழந்தைகளோடு சாப்பிட்டார்கள். வழுதக்காட்டை ஒட்டிய காட்டன் ஹில் பள்ளியில் உணவுத்துறை அமைச்சர் ஜி.ஆர். அனிலின் தட்டில் தலைமுடி கிடந்தது. எல்லாப் பத்திரிகைகளும் எழுதின. தலைமுடி அருவருப்பானது, ஆபத்து குறைவு. கண்ணுக்குத் தெரிவதைத் தேடியே நமக்குப் பழக்கம்.

2023 பிறந்ததும் கோட்டயத்தில் உணவகத்திலிருந்து வாங்கிய அல்ஃபாம் சாப்பிட்ட 33 வயது செவிலியர் இறந்தார். அந்த ஜனவரியிலேயே பச்சை முட்டை மயோனைஸைக் கேரளம் தடை செய்தது. பதப்படுத்திய முட்டையில் செய்யலாம், முட்டையே இல்லாமலும் செய்யலாம். தடை வந்த சில நாட்களில் எர்ணாகுளம் மாவட்டம் வடக்குப் பறவூரில் ஓர் உணவகத்தில் சாப்பிட்ட அறுபதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குப் போனார்கள். பரிசோதனையில் வந்த பெயர் சால்மோனெல்லா என்டெரிடிடிஸ்.

தமிழ்நாட்டுக்காரர்கள் இதைப் பக்கத்து வீட்டுச் சண்டையாகப் பார்க்க முடியாது. 2023 செப்டம்பரில் நாமக்கல்லில் ஷவர்மா சாப்பிட்ட 14 வயதுச் சிறுமி இறந்தார். நாற்பதுக்கும் மேற்பட்டோர் சிகிச்சை பெற்றார்கள். தெலங்கானா 2024 அக்டோபரிலும் தமிழ்நாடு 2025 ஏப்ரலிலும் பச்சை முட்டை மயோனைஸுக்கு ஓராண்டுத் தடை போட்டன.

தடை கெடுதல் என்று சொல்வதற்கில்லை. வேகாத முட்டை ஒரு வாசல், அதை மூடியது சரிதான். ஆனால் கேரளம் அதே ஜனவரியில் போட்ட இன்னொரு உத்தரவு இதைவிட முக்கியமானது, இதைவிடக் குறைவாகப் பேசப்பட்டது. பார்சல் உணவின்மேல் எப்போது தயாரித்தது, எந்த நேரத்துக்குள் சாப்பிட வேண்டும் என்று எழுதிய சீட்டு இருக்க வேண்டும். ஆபத்து மிகுந்த பண்டங்களை இரண்டு மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிட வேண்டும். கெட்ட உணவு, நல்ல உணவு என்று பேசிக்கொண்டிருந்த அரசு முதன்முறையாகக் கடிகாரத்தைப் பார்த்தது. வழுதக்காட்டுப் பொட்டலம் பஸ் ஏறிப் பத்தரை ஆண்டு கழித்து.

அந்த உத்தரவுக்குப் பிறகு கிழக்கேகோட்டைப் பக்கம் ஒரு கடையில் இரவு ஒன்பது மணிக்கு வாங்கிய கோழி வறுவல் பொட்டலத்தை இந்தக் கட்டுரையாளர் வீட்டில் பிரித்தபோது, ஊறுகாய் உறைக்கு அடியில் சீட்டு இருந்தது. 'தயாரித்த நேரம்' என்று அழகாக அச்சிட்டிருந்தது. அதற்கு எதிரே இருந்த கோடு காலி. மறுநாள் விசாரித்தபோது, 'சீட்டு வைக்கச் சொன்னார்கள், வைத்திருக்கிறோம் சார்' என்றார் கல்லாவில் இருந்தவர். பொய் சொல்லவில்லை.

சமையல்காரரின் சான்றிதழ்

உணவு கையாளும் ஒவ்வொருவருக்கும் மருத்துவப் பரிசோதனை செய்து சுகாதார அட்டை தர வேண்டும் என்பது 2023-ல் வந்த மற்றொரு கட்டாயம். டைபாய்டு தடுப்பூசியும் அதில் அடக்கம். தர்க்கம் சரியானது. நோய் தெரியாமலே கிருமியைச் சுமப்பவர்கள் உண்டு. உலகறிந்த உதாரணம் மேரி மல்லன் என்ற அயர்லாந்துச் சமையற்காரி. நியூயார்க்கில் அவர் வேலை பார்த்த பெரும்பாலான வீடுகளில் டைபாய்டு வந்தது. அவருக்கு மட்டும் ஒன்றுமில்லை. 1907-ல் பிடித்துத் தீவு மருத்துவமனையில் வைத்தார்கள். இனிச் சமைக்க மாட்டேன் என்ற வாக்குறுதியின்பேரில் 1910-ல் விட்டார்கள். 1915-ல் வேறு பெயரில் ஒரு மகப்பேறு மருத்துவமனைச் சமையலறையில் அகப்பட்டார். மிச்ச வாழ்நாள் முழுக்க, 1938 வரை, தீவுவாசம். சமைப்பது தவிர வேறு பிழைப்புத் தெரியாத ஏழைப் பெண்ணை அப்படி அடைத்தது நியாயமா என்று இன்றும் விவாதிக்கிறார்கள்.

கேரளத்தின் சுகாதார அட்டைக்கு என்ன ஆயிற்று? 2023 பிப்ரவரித் தொடக்கத்தில், திருவனந்தபுரம் பொது மருத்துவமனையில் 300 ரூபாய் கொடுத்தால் ஆளைக்கூடப் பார்க்காமல் சான்றிதழ் கிடைக்கிறது என்று ஒரு தொலைக்காட்சி காட்டியது. மருத்துவர்கள் சஸ்பெண்ட் செய்யப்பட்டார்கள். ஒழுங்காகக் கொடுத்தாலும் அட்டைக்கு ஓர் எல்லை இருக்கிறது. கிருமி சுமப்பவரின் மலத்தில் அது தினமும் வெளிப்படுவதில்லை. இன்று இல்லை என்ற முடிவு அடுத்த மாதத்துக்கு உத்தரவாதமல்ல. சமையலறைக்கு அருகே சோப்பும் குழாயும் இருக்கும் கழிப்பறையும், வயிற்றுப்போக்கு வந்த தொழிலாளிக்குச் சம்பளத்தோடு மூன்று நாள் விடுப்பும் அட்டையைவிட அதிகம் சாதிக்கும் என்பது இந்தக் கட்டுரையாளரின் கருத்து. தினக்கூலிக்கு வந்த அசாம், வங்காளத் தொழிலாளி வயிற்று வலியை வெளியே சொல்லவே மாட்டார்.

கேரளத்துக்குச் சுத்தம் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. 1997 ஆகஸ்டில் ஐரோப்பியக் கூட்டமைப்பு இந்திய மீன், இறாலுக்குத் தடை விதித்தது. சரக்கில் சால்மோனெல்லா, ஆலைகளில் சுகாதாரக் குறைவு. கோடிக்கணக்கான அந்நியச் செலாவணி ஆடிப்போனது. கொச்சியின் பதப்படுத்தும் ஆலைகள் விழுந்தடித்துக்கொண்டு மாறின. தண்ணீர், பனிக்கட்டி, தரை, கை, கத்தி எல்லாவற்றுக்கும் விதி. எந்தக் கட்டத்தில் கிருமி நுழையும், எந்த வெப்பத்தில் நிறுத்த வேண்டும் என்று குறித்து, நேரத்தையும் வெப்பத்தையும் ஏட்டில் எழுதும் முறை. விண்வெளி வீரர்களின் உணவுக்காக அமெரிக்காவில் உருவானது அது. 25 கிராம் இறாலில் ஒரு சால்மோனெல்லாகூட இருக்கக் கூடாது என்பது அளவுகோல். சில மாதங்களில் கதவு திறந்தது. பெல்ஜியத்துக்காரர் தட்டுக்குப் போகும் இறாலுக்குத் தெர்மாமீட்டர் வைக்கத் தெரிந்த மாநிலம், தன் பிள்ளைகள் தின்னும் கோழிக்குப் பினாயிலோடு நின்றுவிட்டது.

நேரம் புலனாய்விலும் விளையாடுகிறது. சால்மோனெல்லா உள்ளே போய் நோய் காட்டப் பொதுவாக 12 முதல் 36 மணி நேரம் ஆகும். சில சமயம் மூன்று நாள். நோயாளியோ கடைசியாகச் சாப்பிட்டதைத்தான் குற்றம் சொல்வார். காலை இட்லி பழி சுமக்கும். முந்தின நாள் இரவுக் கோழி தப்பிக்கும். புகார் போய், அதிகாரி வருவதற்குள் கடையில் இருப்பது வேறு நாள் சமையல். மாதிரியே இல்லாவிட்டால் திருவனந்தபுரத்தில் இருக்கும் அரசு ஆய்வகம் எதைச் சோதிக்கும்? எந்த வகை சால்மோனெல்லா என்று இனம் பிரிக்க இமாசலப் பிரதேசத்துக் கசௌலியில் தேசிய மையம் இருக்கிறது. அங்கே போக முதலில் கிருமி கையில் கிடைக்க வேண்டும்.

அமெரிக்காவில் 1994-ல் ஐஸ்கிரீம் தின்று சுமார் 2,24,000 பேர் நோயுற்றதாகக் கணக்கிட்டார்கள். ஐஸ்கிரீம் கலவை முறையாகக் காய்ச்சிக் கிருமி நீக்கியதுதான். அதைக் கொண்டுபோன டாங்கர் லாரி முந்தைய நடையில் பச்சை முட்டைக் குழம்பு சுமந்திருந்தது, சரியாகக் கழுவவில்லை. அங்கங்கே சிதறிக் கிடந்த நோயாளிகளை ஒரே லாரியில் கொண்டுவந்து சேர்க்க முடிந்தது, மாதிரிகள் உடனே எடுக்கப்பட்டதால்.

வீட்டிலும் குழாயடியிலும்

உணவகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் போதாது. கோழி வாங்கி வந்ததும் குழாயைத் திறந்துவிட்டு மஞ்சள் போட்டு அலசுவது நம் வழக்கம். தெறிக்கும் துளிகள் பக்கத்தில் கவிழ்த்த தட்டுவரை போகும். கிருமியைக் கொல்வது கொதிதான், கழுவல் அல்ல. கழுவியே தீர வேண்டும் என்றால் பாத்திரத்துக்குள் மெதுவாக அலசி, தொட்டியையும் கையையும் சோப்பால் கழுவலாம். பச்சை இறைச்சிக்கு ஒரு பலகை, காய்க்கு ஒரு பலகை. இரவு மீந்த குழம்பை அகலமான பாத்திரத்தில் ஆறவிட்டு இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்சாதனப் பெட்டியில் வைப்பது நல்லது. பெரிய குண்டான் அப்படியே உள்ளே போனால் நடுப்பகுதி நள்ளிரவுவரை வெதுவெதுப்பாகவே இருக்கும்.

மறுபடி கொதிக்க வைத்தால் எல்லாம் சரியாகும் என்பதும் பாதி உண்மை. சால்மோனெல்லா செத்துவிடும். சோற்றில் வளரும் பேசிலஸ் செரியஸும், கைப்புண்ணிலிருந்து உணவுக்கு வரும் ஸ்டாஃபிலோகாக்கஸும் கக்கி வைக்கும் நஞ்சு கொதியில் அழியாது. இங்கே விஷம் என்ற சொல் பொருந்தும். சாப்பிட்டு ஒன்றிரண்டு மணி நேரத்திலேயே வாந்தி தொடங்கினால் சந்தேகம் இவற்றின்மேல்தான்.

நோய் வந்துவிட்டால் முதல் மருந்து உப்பு சர்க்கரைக் கரைசல். 1971-ல் வங்கதேச அகதிகள் குவிந்த பங்கான் முகாமில் நரம்பு வழி ஏற்றும் திரவம் தீர்ந்துபோனபோது, டாக்டர் திலீப் மகலனாபிஸ் டிரம்களில் கரைத்து வாய்வழியே கொடுத்து ஆயிரக்கணக்கானோரைக் காப்பாற்றிய அதே கரைசல். கடையில் விற்கும் பொட்டலம் ஒரு லிட்டருக்கு என்றால் ஒரு லிட்டரில்தான் கரைக்க வேண்டும். பெரும்பாலோர் இரண்டு முதல் ஏழு நாளில் தாமே தேறிவிடுவார்கள். மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் ஆன்டிபயாடிக் சாதாரண சால்மோனெல்லா வயிற்றுப்போக்குக்கு உதவாது. கிருமி உடலில் தங்கும் காலத்தை நீட்டவும் கூடும். மலத்தில் ரத்தம், தணியாத காய்ச்சல், எதையும் வயிற்றில் நிறுத்த முடியாத வாந்தி, சிறுநீர் குறைவது, குழந்தை துவண்டு கிடப்பது ஆகியவை உடனே மருத்துவமனைக்குப் போவதற்கான அடையாளங்கள். கைக்குழந்தைகள், முதியவர்கள், கர்ப்பிணிகள், எதிர்ப்பு சக்தி குறைந்தவர்கள் காத்திருக்கவே கூடாது. கிருமி ரத்தத்துக்குள் நுழைவது பெரும்பாலும் இவர்களிடம்தான்.

மீந்த உணவைக் குப்பையில் போடாமல் மூடிக் குளிரில் வைத்து உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் கொடுத்தால், அடுத்த வீட்டுக்காரர் பிழைக்கக்கூடும்.

2023 நவம்பரில், செறுவத்தூர் மாணவியின் தாயார் தொடுத்த வழக்கில் கேரள உயர் நீதிமன்றம், பொட்டலத்தின்மேல் தயாரித்த தேதியும் நேரமும் இருப்பதை உறுதி செய்யுமாறு அதிகாரிகளுக்கு மறுபடி சொன்னது. பத்து மாதத்துக்கு முன்பு அரசே சொன்ன விஷயம்தான். அதற்குள் கொச்சி காக்கநாட்டில் மற்றொரு இளைஞர் இறந்திருந்தார்.

தம்பானூரில் சாயங்காலம் பெங்களூர் பஸ்கள் வரிசையாக நிற்கின்றன. ஏறுகிறவர்களில் பாதிப் பேர் கையில் பொட்டலம். யாரும் சீட்டைத் திருப்பிப் பார்ப்பதாகத் தெரியவில்லை. நாகர்கோவிலுக்கு அப்பால் எங்கோ, பத்து மணிக்கு மேல், பஸ்ஸில் விளக்கை அணைத்த பிறகுதான் பெரும்பாலும் அவற்றைப் பிரிப்பார்கள்.